தோளில் தைலம், வயிற்றுக்குள் ரத்தம்

சகோதர சகோதரிகளே, செத்துப்போக வேண்டிய ஒருத்தி உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். வெள்ளிமலைப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். ஒரு காலையில் கச்சிராயபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வரும்போது, வளைவில் வண்டி பாறையில் மோதியது. முன்னால் இருந்த கம்பி என் இடது விலாவுக்குக் கீழே இடித்தது. ஒரு கீறல்கூட இல்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு டிரைவருக்குப் புத்திமதியும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் இடது தோள் வலித்தது. என் கணவர் தானியேல், சுளுக்கு என்று முடிவுகட்டி தைலம் தேய்த்தார். தோள் எரிந்ததுதான் மிச்சம். உடம்பு சில்லிட்டது. வியர்த்தது. கண் இருட்டியது. தாகமோ தாகம். பக்கத்து வீட்டு அக்கா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"இன்னா தானியேலு, சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்குறாங்க. நீ தைலம் தேச்சிக்கினு இருக்க?"

தெரிந்தவர் காரில் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் போராட்டக்காரர்கள் சாலைக்குக் குறுக்கே புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆண்டவரே, வழியைத் திறந்துவிடும் என்று ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் மரம் அப்படியே கிடந்தது. எனக்குக் கொஞ்சம் மனஸ்தாபம்தான்.

அவர்களில் கோவிந்தன் என்ற மீசைக்காரர் வந்து, வண்டி எதுவும் போகக்கூடாது என்றார். பயந்த சுபாவமுள்ள என் கணவர் வாய் திறந்தார்.

"வண்டி போவலன்னா பரவால்லைங்க. இவ போயிடுவா போலக்குது."

கோவிந்தன் காருக்குள் எட்டிப் பார்த்தார். உடனே எங்கிருந்தோ ஒரு கயிற்றுக்கட்டில் வந்தது. நான்கு பேர் என்னை மரங்களுக்கு மேலே தூக்கிப்போனார்கள். கோஷம் போட்டுப் பழகிய வாய், அடிக்கு அடி கோஷம் போட்டுக்கொண்டே நடந்தார்கள். அரை மயக்கத்தில் தேவதூதர்கள் பாடுவதாக நினைத்தேன். மறுபக்கம் அவர்களே மறித்து வைத்திருந்த டிராக்டரில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கொட்டுகிறது, தோள் வலித்ததும் அதனால்தான் என்றார். இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஆபரேஷன் இருக்கிறது, வாயில் சொட்டு விடக்கூடாது என்றார்கள். வாயால் கேட்டதை ஆண்டவர் கை வழியாகத் தருகிறார் என்று தேற்றிக்கொண்டேன்.

சலைன் கொஞ்ச நேரம்தான் தாங்கும், ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். என் கணவர் முந்திக்கொண்டு விரலை நீட்டினார். சோதனைக்கு விரலில் குத்தியதுமே மயங்கி விழுந்தார். அவருக்கும் ஒரு கட்டில் போட வேண்டியதாயிற்று. டிராக்டரில் கூடவே வந்து, திரும்பிப் போகாமல் வாசலில் நின்றிருந்த கோவிந்தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் ரத்தம்தான் எனக்குச் சேர்ந்தது. அந்த ரத்தத்தில்தான் பிழைத்தேன்.

முன்பெல்லாம் ஜெபத்திலும் நான் டீச்சர்தான். இதை இப்படிச் செய்யும் என்று ஆண்டவருக்கே பாடம் நடத்துவேன். இப்போது கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் கோவிந்தன் அண்ணன் குடும்பத்தோடு வருவார். பாட்டுக் குழுவில் என் குரல் மட்டும் தனியாகக் கேட்டால், "நம்ம ரத்தங்க, சத்தம் ஜாஸ்தியாத்தான் இருக்கும்" என்பார்.

நெருக்கத்தில் இருக்கிறவர்களே, தைரியமாகக் கேளுங்கள். ஆண்டவர் ஆள் அனுப்புவார். எந்த ஆள் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.