ஏஸைப் போட்டுவிட்டு ஜாக்கில் அடித்த மனிதர்

பேய், ஆவி, செய்வினை எதுவானாலும் உட்கார்ந்து யோசித்தால் ஒரு காரணம் கிடைக்கும் என்று நினைக்கிற ஆள் நான். லண்டன் ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கியபோது பேய் பிசாசை விரட்டக் கழிப்புக் கழிக்க வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள், நான் அந்தக் காசுக்கு வீட்டைச் சூடாக்கும் பொயிலரை மாற்றினேன். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, இன்டர்நெட்டில் போக்கர் விளையாடுவது எல்லா ஆபீசிலும் பேச்சாக இருந்த காலம். கிங்ஸ்பரியில் ஒரு பிறந்தநாள் விருந்தில் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எல்லோருக்கும் கேட்கும்படியாக, இதில் வெல்வது கம்பெனிக்காரன் மட்டும்தான், அத்தானைப் போன்றவர்கள் கடைசியில் அரசாங்கத்தின் பெனிபிட் காசுக்கு லைனில் நிற்பார்கள் என்றான். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. ஐம்பது பவுண் ஒரே ஒருமுறை போடுவேன், அதற்குமேல் ஒரு பென்னி போட மாட்டேன், அடுத்த புதுவருஷச் சாப்பாட்டுக்கு லாபத்தோடு வருவேன், இல்லாவிட்டால் இதே ஆட்கள் முன்னால் நீ சொன்னதுதான் சரி என்று சொல்வேன் என்றேன். காசு பெரிதில்லை. அவனுக்கு முன்னால் அந்த வசனத்தைச் சொல்வதைவிடப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம்.

பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், நான் நன்றாக விளையாடினேன். சின்ன மேசைகளில்தான் இருப்பேன், நல்ல சீட்டு வராவிட்டால் சலிக்காமல் கீழே போட்டு விலகிக்கொண்டே இருப்பேன், மற்றவர்கள் பொறுமை இழக்கும் நேரத்தில்தான் கை வைப்பேன். ஆனால் டிசம்பரில் சீட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் கணக்கில் மிஞ்சியிருந்தது ஒரு போட்டியில் சேரும் கட்டணத்துக்குத்தான் காணும். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, அது முழுவதையும் கட்டிச் சேர்ந்தேன்.

நம்பினால் நம்புங்கள், நூற்றுக்கணக்கானவர்களில் கடைசியாக மிஞ்சியது இரண்டு பேர். நானும் இன்னொருவரும். அவருடைய பெயர் வெறும் எழுத்தும் இலக்கமுமாக இருந்தது.

அவர் விளையாடிய விதம்தான் விசித்திரம். போக்கரில் ஏஸ்தான் பெரிய சீட்டு, அது குழந்தைக்கும் தெரியும். இந்த மனிதரோ ஏஸையும் கிங்கையும் காட்டிவிட்டே கீழே போட்டார். ஜாக்கும் ஒன்பதும் வந்தால் மட்டும் வீட்டையே எழுதித் தருகிறவர் மாதிரி அடித்தார். ஏதோ தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு சட்டென்று பிடிபட்டது. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் விளையாடும் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டத்தில் ஜாக்தான் பெரியது, அடுத்தது ஒன்பது, ஏஸ் அதற்கும் கீழே. அந்தக் கணக்கோடு போக்கர் மேசைக்கு வந்த ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். ஃபாரஸ்ட் கேட் ராசன் அண்ணை. ஞாயிறுகளில் முந்நூற்று நாலில் என் ஜோடி. என் கம்ப்யூட்டரில் ஒருநாள் போக்கர் விளையாடிப் பார்த்தார், நான் தலைகீழாக நின்று விளக்கியும் ஜாக்கைக் கைவிடவே இல்லை. அந்த வருஷம் ஏப்ரலில்தான் அவரை எரித்துவிட்டு வந்திருந்தோம்.

மனைவியைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றாள். அண்ணை, நீங்கள் யாழ்ப்பாணமோ என்று திரையின் எழுத்துப் பெட்டியில், ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினேன். அவர் அடுத்த கைக்குக் காசு போட்டார்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் புதுவருஷச் சாப்பாடும் கண்முன்னே நின்றது. அவர் ஓங்கி அடித்தால் ஜாக்கோ ஒன்பதோ என்று வைத்துக்கொண்டு, என்னிடம் ஏஸ் இருந்தால் துணிந்து நின்றேன். வேறு யாரால் அந்த மனிதரை அப்படி வாசித்திருக்க முடியும், சொல்லுங்கள். கடைசிக் கையில் அவர் ஜாக்கையும் ஒன்பதையும் வைத்து எல்லாவற்றையும் தள்ளினார். என்னிடம் ஏஸும் பத்தும். மேசையில் விழுந்த ஐந்து சீட்டும் இருவருக்கும் உதவவில்லை. என் ஏஸ் வென்றது. நான் துள்ளியதில் கதிரை விழுந்தது.

அப்போதுதான் எழுத்துப் பெட்டியில் வரி வந்தது. மனைவிதான் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“இஞ்சை ஏஸ்தான் பெரிசெண்டு எனக்குத் தெரியும் தம்பி. நீ மச்சானிட்டைத் தோக்கக்கூடாதெண்டு விட்டனான். அடுத்தமுறை விடமாட்டன்.”

மேசை மூடிக்கொண்டது.

மச்சான்தான் யாரையோ பிடித்து இப்படி விளையாட வைத்தான் என்பீர்கள். நான் எந்த சைட்டில், என்ன பெயரில் இருந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. புதுவருஷத்தன்று லாபத்தைப் பார்த்தவன் எனக்கு இறைச்சிக்கறி போட்டான். அந்தக் கறியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் ஒரு கைகூட விளையாடவில்லை. “அத்தான் வெண்ட கையோடை எழும்பின மனுசன், அந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு ஏலாது” என்று மச்சான் இப்போதும் ஆட்களிடம் சொல்வான். நான் திருத்துவதில்லை, கேட்கச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் யாராவது சீட்டு விளையாடக் கண்டால் இன்றைக்கும் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். ராசன் அண்ணை விடமாட்டன் என்று சொல்லிவிட்டு விட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.