அலமாரியில் இறுகிய குழாய்

என் மனைவி அடிவாரத்தில், கன்னிவாடியில் மகள் வீட்டில் இருக்கிறாள். நான் மலைமேல் பேத்துப்பாறையில் இருக்கிறேன். இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் குளிர்காய்ந்தவர்களுக்கு எதற்கு இரண்டு ஊர்?

காரணம் படிக்கட்டு. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. கல்லை வெட்டிப் போட்ட படிகள், நடுவில் ஒரு திருப்பம். ஐப்பசி மழையில் பாசி பிடித்துக் கிடந்தபோது அந்தத் திருப்பத்தில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். கட்டுப் பிரித்தாயிற்று, கை சேர்ந்துவிட்டது. பயம் போகவில்லை.

"பிடிச்சு இறங்க ஒரு கம்பி போடுங்க, வாறேன்" என்றாள் போனில்.

நான் கொடைக்கானலில் கிரில் வெல்டிங் செய்கிறவன். எத்தனையோ ஹோட்டல் பால்கனிகளில் நான் போட்ட கைப்பிடி இருக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதில் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறான். என் வீட்டுப் படியில் ஒன்று இல்லை.

"இரும்புல போடாதீங்க. மஞ்சு ஈரத்துல துருப்பிடிச்சுக் கையெல்லாம் ஒட்டும். அப்புறம், உங்க உயரத்துக்கு வச்சிராதீங்க. நான் அதுல தொங்கிக்கிட்டுத்தான் வரணும்."

"அப்ப வந்து கையை வச்சுக் காட்டு."

"வெள்ளிக்கிழமை வாறேன்."

ஒரு ரிசார்ட் வேலையில் மிஞ்சிய அலுமினியக் குழாய்கள் இரண்டு பட்டறையில் கிடந்தன. ஒரே குழாயின் இரண்டு முனைகளையும் கீழே வளைத்துத் தரையில் ஊன்றிவிட்டால் கைப்பிடியும் அதுவே, காலும் அதுவே. உயரம் தெரிந்தால்தான் எங்கே வளைப்பது என்று குறிக்க முடியும். ஆனால் அது சுத்த அலுமினியம் இல்லை, வேறு உலோகம் கலந்த கெட்டி ரகம். சுட்டு இளக்காமல் வளைத்தால் உடையும். இரும்பு சூடானால் சிவந்து காட்டும். இது காட்டாது, திடீரென்று உருகி விழும். அதனால் துணி சோப்பால் ஒரு கோடு இழுத்துவிட்டு நெருப்பைக் காட்ட வேண்டும். கோடு கறுத்ததும் நிறுத்தித் தண்ணீரில் முக்க வேண்டும். வியாழக்கிழமை ஒரு குழாயை அப்படிச் செய்தேன். முழங்காலில் வைத்து லேசாக அழுத்திப் பார்த்தேன். சொன்னபடி கேட்டது. நிமிர்த்தி, அவள் வந்து உயரம் காட்டட்டும் என்று அலமாரியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் மருமகன் வழியில் ஒரு காதுகுத்து. அதற்கடுத்து, "பனி விடட்டும்ங்க" என்றாள். ஒவ்வொரு முறையும் பூண்டு உரித்து இரண்டு பேருக்கு ரசம் வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் போய் நின்ற பிறகுதான் அவள் போன் வரும். குல்லா வாங்க அலைகிற கூட்டம்தான் இறங்கியது.

கீழே போன புதிதில் கோழி அடைந்ததா, தண்ணீர் வந்ததா என்று தினமும் கேட்பாள். பிறகு அங்கத்து வெயில் இதமாக இருக்கிறது என்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு நாள், "நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாங்க" என்றாள். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கோபத்தோடு பட்டறைக்குப் போனேன். ஏதோ ஒரு உயரம், வந்தால் வரட்டும் என்று அலமாரியிலிருந்த குழாயை எடுத்து வளைத்தேன். பாதி வளைவில் கரும்பு ஒடிகிற மாதிரி படாரென்று பிளந்தது.

குழாய் விற்ற திண்டுக்கல் கடைக்காரரைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

"சுட்டுத் தண்ணில போட்டதை எத்தன நாளு வச்சிருந்தீங்கண்ணே?" என்று கேட்டார்.

"மூணு வாரம்."

"போச்சு. அன்னைக்கே வளைக்கணும்ண்ணே. இந்தக் கலவை சும்மா கெடந்தாலே இறுகிரும்."

"சும்மா கெடந்தா எப்படிய்யா இறுகும்?"

"உள்ள கலந்திருக்கறது கண்ணுக்குத் தெரியாம பொடிப்பொடியாத் திரளும். அதுதான் வளைய விடாது. ஐஸ்பெட்டில போட்டு வச்சா கொஞ்சம் தள்ளிப்போகும்."

"எங்க ஊரே ஐஸ்பெட்டிதான்யா!"

"உங்க குளிரு பத்தாதுண்ணே."

எனக்கு இரும்புதான் நன்றாகத் தெரியும். இரும்பு கிடந்தால் மேலே துரு ஏறும், பார்த்தாலே தெரிந்துவிடும். இந்தக் குழாய் பளபளவென்று, வைத்த அன்று இருந்த மாதிரியேதான் இருந்தது. யாரும் தொடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டேன். "இன்னொரு குழாய் இருக்கு. இன்னைக்குச் சுட்டா இன்னைக்கே வளைக்கணும். வெரசாக் கெளம்பி வா."

"இன்னைக்கு எப்படிங்க? பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. டான்ஸ் ஆடுது."

ரசத்துக்குப் பூண்டு உரிக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு படித் திருப்பத்துக்குப் போனேன். அங்கே எங்கள் வீட்டுப் பக்கச் சுவர் வருகிறது. அதில் ஒரு கறை. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு அவள் தினமும் அதே இடத்தில் ஊன்றி இறங்கியதால் வந்தது. அதற்காக அவளோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! அவள் போன பிறகு அதன் மேல் சுண்ணாம்பு அடிக்க எனக்குக் கை வரவில்லை. தரையிலிருந்து கறை வரைக்கும் அளந்தேன். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சோப்புக் கோடு இழுத்தேன், சுட்டேன், முக்கினேன், ஈரம் காயும் முன்பே வளைத்தேன். சாயங்காலத்துக்குள் கான்கிரீட் போட்டு ஊன்றிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவளிடம் சொன்னேன்.

"உயரம் எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றாள்.

"சுவத்துல உன் கைக்கறை கெடக்குல்ல, அது உயரம்."

பேத்தி எதையோ உருட்டுவது போனில் கேட்டது.

"பொங்கலுக்குக்கூட வெள்ளை அடிக்கலையா நீங்க?"

"இல்ல."

"அப்படி என்ன சோலி உங்களுக்கு? நம்ம வீட்டுச் சுவரு அப்படிக் கெடந்தா பாக்குறவுக என்ன நெனப்பாக?"

நம்ம வீட்டுச் சுவர் என்றாள்.

"நீ வந்து அடி" என்றேன். என்றைக்கு வருவாள் என்று அவள் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுத் திருப்பத்துக்குப் போய், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். அசையவில்லை. இறுகியிருந்தது.