காளவாய்க்குள் ஒரு தீக்குச்சி

நாகப்பட்டினம் போகிற பஸ் வயல்களுக்கு நடுவே நின்றுவிட்டது. டயர் பஞ்சர். காலையிலிருந்து இது மூன்றாவது பஸ். இடுப்பு கழன்றுவிடும்போல் இருக்கிறது. வாய்க்கால் கரையில் தெரிவது வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் காளவாய், கிளிஞ்சல் சுட்டு ரொம்ப வருஷம் ஆகிறது என்கிறார் கண்டக்டர். நிழலாவது கிடைக்குமே என்று நடக்கிறேன். மதகுச் சுவரில் போன தேர்தலில் புது ஆட்சிக்கு ஓட்டுக் கேட்ட எழுத்து வெளுத்திருக்கிறது.

வட்டமான செங்கல் சுவர். மேலே துருப்பிடித்த தகரம். குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு வாய். உள்ளே ஒரே இருட்டு. தீக்குச்சியைக் கிழிக்கிறேன்.

"அணைங்க! அதை அணைங்க!"

பதறி ஊதிவிடுகிறேன். கண் பழகியதும் சுவரோடு ஒட்டி ஒரு பெண் தெரிகிறாள். பக்கத்தில் சுருட்டிய பாய், சோற்றுப்பானை.

"வீடுன்னு தெரியாம வந்துட்டேம்மா. இங்கேயா இருக்கீங்க?"

"கூலி நெல்லு கூட்டிக் கேட்டோம்னு மிராசுதார் ஆளுங்க எங்க குடிசையக் கொளுத்திட்டாங்க. மறுபடி கூரை போட மனசு வரலீங்க. இது எரிஞ்சு முடிஞ்ச எடம். இனிமே யாரு வந்து கொளுத்துறது?"

"அப்புறம் ஏம்மா குச்சியப் பாத்துப் பயந்தீங்க?"

ரோட்டில் ஹாரன் அடிக்கிறது. தீப்பெட்டியைப் பைக்குள் போடும்வரை அவள் என் கையையே பார்க்கிறாள்.

"எரியாதுன்னு செங்கல்லுக்குத் தெரியுதுங்க. எனக்குத்தான் தெரிய மாட்டேங்குது."