காலையிலேயே மத்தியானச் சோறு

பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு காலாப்பட்டு பஸ்ஸில் ஏறினால், தினமும் அவர் என் பக்கத்து சீட்டில்தான் இருப்பார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. ஏதோ ஒரு ஆபீஸில் பியூன். என் மல்லிப்பூக் கூடையையும் மீறி அவர் கையில் மீன்குழம்பு மணக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏம்ப்பா, விடிஞ்சும் விடியாததுமா மீன்கொழம்பா?"

அவர் சிரித்தார். "ஆபீஸு எங்க வூட்டுப் பக்கத்துல, உப்பளத்துல இருந்தப்ப, மத்தியானம் வூட்டுக்குப் போயி எங்க வூட்டுக்காரிகூடதான் சாப்புடுவேம்மா. இப்ப ஆபீஸத் தூக்கிக் காலாப்பட்டுல வச்சிட்டாங்க. தனியா சாப்புட்டா அவளுக்கு எறங்கல. அதான் மத்தியானச் சோத்த ரெண்டு பேரும் காலையிலயே சாப்புட்டுடறோம்."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப அவ எத்தினி மணிக்கு எழுந்து ஆக்குறா?"

அவர் இறங்கும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு நாலு நாள் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

ஐந்தாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, அவர் புறங்கையில் கஞ்சி கொட்டிய கொப்புளம் இருந்தது.

"அவ தூங்கட்டும்னு நானே வடிச்சேம்மா. சோறு கொழஞ்சிடுச்சி."

"சாப்ட்டாளா?"

"திட்டிக்கினே ரெண்டு வாட்டி போட்டுக்கினா."

ஒரு முழம் பூவைக் கிள்ளி அவர் மடியில் வைத்தேன். "தண்ணி தெளிச்சி வையி. சாயங்காலம் அவ தலையில வச்சிவுடு."

ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். எனக்கு ஒருவரும் குழைந்த சோறுகூட வடித்துப் போட்டதில்லை. அதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.