போதகர் பார்த்த இடம்

வருடக் கடைசி ராத்திரி ஆராதனையில் தூங்காமல் இருப்பவர்தான் எங்கள் வீட்டுக் கணக்கில் பெரிய மனுஷர். எட்டு வயது வரைக்கும் எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. பழைய வருடத்தில் அம்மா மடியில் தூங்கிப்போவேன். புது வருடத்தில் அப்பா தோளில் விழிப்பேன். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், “வருஷம் போயிருச்சு” என்பார் அப்பா, ஏதோ வேடசந்தூர் பஸ் போய்விட்டதைப் போல.

அந்த வருடம், எங்களோடு இருந்த அத்தை காய்ச்சிக் கொடுத்த சுக்குக் காப்பியின் தயவில் கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவோடு ஆண்கள் பக்கம், மூன்றாவது தூணை ஒட்டிய பெஞ்சு. அம்மாவும் அத்தையும் எதிர்ப்பக்கம். பிரசங்கம் முடியப்போகிற நேரத்தில் போதகர் குரலைத் தாழ்த்தினார்.

“போன வருஷம் இதே ராத்திரி நம்மோடு முழங்கால் போட்ட சிலர் இன்றைக்கு இங்கே இல்லை. இன்றைக்கு இருக்கிறவர்களில் யார் யார் அடுத்த வருஷம் இருப்போம்? கர்த்தர் ஒருவருக்கே தெரியும்.”

சொல்லிவிட்டு அவர் நேராக எங்கள் பெஞ்சைப் பார்த்தார். என்னை அல்ல, அப்பாவை. சும்மா பார்க்கவில்லை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அப்பாவும் புரிந்துகொண்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். கர்த்தருக்கு மட்டும்தான் தெரியும் என்று சொன்னாலும், கர்த்தர் போதகரிடம் சொல்லாமலா இருப்பார்?

அன்றிலிருந்து அப்பாவுக்கு நான் காவல். அவர் நூல் மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். ஓடுகிற பெல்ட்டுகளுக்கு நடுவில் வேலை, போகவர வெயிலில் சைக்கிள், சாலையெங்கும் லாரி. இத்தனை நாள் இந்த மனிதர் எப்படி உயிரோடு இருந்தார் என்பதே எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. மீன் வாங்கினால் அவர் தட்டில் போட்ட துண்டில் முள்ளை நானே எடுத்தேன். கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே போனேன். சாயங்காலம் சைக்கிள் மணி கேட்கும்வரை தெருமுனையை விட்டு அசைய மாட்டேன். இருமினால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

பங்குனியில் ஒரு நாள் மில்லில் யாருக்கோ விரல் நசுங்கிவிட்டது என்று அப்பா சொல்லக் கேட்டேன். மறுநாள் விடிவதற்குள் அவர் சைக்கிளின் வால்வ் டியூபைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். அவர் சைக்கிளைக் கடைவரை தள்ளிக்கொண்டு போய், அரை நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். ராத்திரி அரிசி அளக்கப் போன அத்தை கையில் டியூப் அகப்பட்டது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு எப்பப் போறதுங்கிறத ஆண்டவர் பாத்துக்கிருவாரு பாப்பா. நாம சோத்தத் தின்னுட்டு வேலைக்குப் போவோம். வேணும்னா காலையில நான் கெளம்பறப்ப எனக்காக ஒரு ஜெபம் பண்ணு. ஆனா போதகர் சொன்னத அம்மாகிட்ட மட்டும் பேசாத.”

அப்படியே செய்தேன். தினம் அவர் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் பெல்ட், லாரி, பாம்பு, மின்னல் என்று ஒன்று விடாமல் கர்த்தருக்கு நினைவூட்டி ஆமென் சொல்வேன். அவரும் பொறுமையாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பல நாள் நான் ஆமென் சொன்ன பிறகும் கண் திறக்க மாட்டார். மில்லுக்கு நேரமாகிறதே என்று நான்தான் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.

இந்தப் பொறுப்பில் எனக்கு அம்மாவைக் கவனிக்க நேரமில்லை. அவளுக்கு வயிறு பெரிதாகியிருந்தது, கால் வீங்கியிருந்தது. டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். நான் இங்கே ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன், இவள் பகலெல்லாம் படுத்திருக்கிறாளே என்று உள்ளுக்குள் கோபம்கூட உண்டு. ஆடிக் காற்றில் தெருவெல்லாம் புழுதி பறந்த ஒரு மத்தியானம் ஜட்கா வண்டி வந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. அப்பாவும் போனார். அவர் வீட்டுக்கு வராத அந்த ராத்திரிகளில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவரைப் பூச்சிபொட்டு கடித்துவிடக் கூடாதே என்று விடாமல் ஜெபித்தேன். அத்தை மூலையில் உட்கார்ந்து அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அப்பாவை நினைத்துத்தான் பயம் போலும் என்று எண்ணி, “நான் பாத்துக்கிர்றேன் அத்தே” என்று தைரியம் சொன்னேன்.

தம்பி பிறந்தான். அப்பா தாடியும் கசங்கிய சட்டையுமாக வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உடம்பைக் கவனிக்காமல் இப்படிப் பட்டினி கிடக்கலாமா என்று அவரை நன்றாகத் திட்டினேன்.

எனக்குக் கல்யாணமாகி முதல் குழந்தையைச் சுமந்தபோதுதான் அத்தை சொன்னாள். எனக்குப் பின் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தவுடன் போயிருந்தன. இன்னொரு பிரசவத்தை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்போது தம்பி வயிற்றில் வந்தாயிற்று. போதகர் பேசியதைக் கேட்டு அப்பா தலைகுனிந்தது அதற்குப் பிறகுதான். அவ்வளவு ஜெபம் செய்த நான், அம்மா பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. நான் காவல் நிற்காத பக்கத்தில் கர்த்தர் நின்றிருக்கிறார்.

தம்பி பிறந்த அந்த வருடக் கடைசிக்குத் திரும்பி வருகிறேன். தம்பிக்குப் பால் கொடுத்துத் துணி மாற்றிக் கிளம்ப நேரமாகிவிட்டது. மூன்றாவது தூண் பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள். எனக்கும் அப்பாவுக்கும் வாசல் பக்கம்தான் இடம் கிடைத்தது. அதே போதகர், அதே தாழ்ந்த குரல், அதே வார்த்தைகள். நான் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போதகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. பழைய பெஞ்சின் பக்கமே கண்ணை இடுக்கினார். அந்தத் திசையில் நானும் பார்த்தேன். தூணில், உட்கார்ந்திருந்தவரின் தலைக்கு மேலே, கோயில் கடிகாரம். பன்னிரண்டு அடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது.

கடிகாரம் அங்கே இருப்பது எனக்கு எப்போதும் தெரியும். போதகரும் மணி பார்ப்பார் என்பதுதான் தோன்றவில்லை.

எல்லோரும் முழங்கால் போட்டோம். சத்தமே இல்லை. என்னால் பொறுக்க முடியாமல் அப்பாவின் காதில், “அவரு மணியத்தாம்ப்பா பாத்திருக்காரு, ஒங்களயில்ல” என்றேன். அப்பா கைகளில் முகத்தைப் புதைத்திருந்தார், தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். கன்னத்தைத் தொட்டால் ஈரம். பாவம், ஒரு வருடமாக என்னைவிட இவர்தான் பயந்திருக்கிறார்.

“அழாதீங்கப்பா. ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

மணி அடித்தது. அப்பா முகத்தைத் துடைக்காமலே நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தார். அம்மா தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் வெகுநேரம் பார்வையை எடுக்கவில்லை. தான் அழுததை அம்மா பார்த்துவிட்டாளோ என்று கவலைப்படுகிறார் போலும் என்று நினைத்து, அவளுக்குத் தெரியாதபடி நான் எழுந்து மறைத்து நின்றுகொண்டேன்.