பதினேழு மணி நேரம்

புஷ்பலதா சின்னம்மா மலேசியாவின் செமோரில் பள்ளி வேன் ஓட்டுகிறார். முன்பு என் அம்மாவோடு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்.

அம்மா இறந்தபோது நான் லண்டனில் இருந்தேன். கோலாலம்பூருக்கு 10,600 கிலோமீட்டர், விமானத்தில் பதின்மூன்று மணி நேரம். விமான நிலையக் குடிநுழைவுச் சோதனைக்கு ஒன்று, செமோருக்குச் சாலையில் மூன்று. விமானம் ஏறும் முன் வீட்டுக்கு அழைத்து, நான் வரும்வரை காத்திருக்கச் சொன்னேன்.

“கொள்ளி வைக்க உன் அண்ணன் இருக்கானே, மத்தியானமே எடுத்திடலாம்,” என்றார் மாமா.

பக்கத்தில் சின்னம்மாவின் குரல் கேட்டது. “பதினேழு மணி நேரந்தானே லா! அக்கா இவள பத்து மாசம் சுமந்தாங்க. உங்களால உக்கார முடியாதாண்ணே?”

மாமா உட்கார்ந்தார். சின்னம்மா பள்ளி வேனிலேயே விமான நிலையம் வந்து என்னை அழைத்துப் போனார்.

மாலை ஐந்தரைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வாய்க்கரிசி போட்டேன். அந்தக் கடைசிப் பார்வையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் சின்னம்மா.