‘முடியாது’ என்று சொன்ன மனிதர்

தொழிற்சாலைகளில் அவளுக்கு ‘ஜெர்மன் டீச்சர்’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூடப் பாடம் எடுத்தவள் இல்லை. ஜெர்மன் கம்பெனிகளோடு வியாபாரம் செய்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்களிடம் எப்படிப் பேசுவது, மெயிலில் எதை முதலில் எழுதுவது, எதற்கு அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. இரண்டு நாள் வகுப்பு. முதல் நாள் பதினோரு மணிக்கு, ஆட்கள் கொட்டாவி விட ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, ஒரு கதை எடுத்துவிடுவாள்.

“ஒரு ஃபவுண்டரி மேனேஜர். நல்ல மனுஷன், பேர் வேண்டாம். ஜெர்மன்காரர் திரையில வந்து, ‘இந்தப் பம்பு வார்ப்பெல்லாம் எட்டு வாரத்துல முடியுமா?’ன்னு கேக்கறார். நம்மாளுக்கு முடியாதுன்னு தெரியும். ஆனா வாயில வருமா? பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. ‘எட்டு வாரமா… ஹி ஹி… எப்படிங்க…’ ஜெர்மன்காரர் அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு, ‘ரொம்ப நன்றி, எட்டு வாரம்’னு எழுதிக்கிட்டுப் போயிட்டார்!”

இந்த இடத்தில் அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவாள். கூடம் அதிரும். ஒன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை அது. தலையாட்டல் முதலில் கிடையாது, மூன்றாம் வருஷம் சேர்ந்துகொண்டது. ‘ஹி ஹி’ அதற்கும் பிற்பாடு. கடைசியில், “முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னா அவங்க காதுல அது ஆமான்னு விழும்” என்று முடிப்பாள். எல்லாரும் அதைக் குறித்துக்கொள்வார்கள்.

நடந்தது வேறு.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கேட்ட படிப்பு எதுவும் கிடைக்காமல், தையல்கடை மாடியில் நடந்த ஜெர்மன் வகுப்பில் போய்ச் சேர்ந்து, என்னவோ அந்த மொழி நாக்கில் ஒட்டிக்கொண்டு, ஒரு பம்புத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வந்திருந்தாள். வந்த மூன்றாம் மாதம் ஒரு பெரிய ஆர்டர் பற்றிப் பேச அழைப்பு வந்தது. முதலாளி வெளியூரில் இருந்தார். அறையில் அவளும், இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியின் மேனேஜரும் மட்டும். திரையில் இருந்த ஜெர்மன்காரருக்குக் குரலும் கனம், முகமும் கனம். எட்டு வாரம் என்று அவர் சொன்னதும் இவள் அதைத் தமிழில் சொன்னாள்.

மேனேஜர் யோசிக்கவே இல்லை. “முடியாதும்மா. வார்ப்பு அச்சுக்குப் பேட்டர்ன் செய்யவே நாலு வாரம். வார்த்துப் பாத்து, குறை இருந்தா திரும்ப வார்க்கணும். பன்னெண்டு வாரம் வேணும்.”

அவள் தயங்கி உட்கார்ந்திருந்தாள்.

“முடியாதுன்னு தெளிவாவே சொல்லிடுங்க. ஒண்ணும் ஆகாது” என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். பயந்த பெண்ணுக்குத் தைரியம் சொல்லும் சிரிப்பு அது. அவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய மனிதரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வதா? ஆர்டர் கைநழுவிப் போனால் பழி யார் தலையில் விழும்? “நேரம் குறைவுதான், எங்களால் ஆனதைச் செய்கிறோம்” என்று ஜெர்மனில் பூசி மெழுகினாள். “அப்படியென்றால் எட்டு வாரம்தானே?” என்றார் அவர். “யா” என்றாள். ஜெர்மன் மொழியில் ‘ஆமாம்’. வாய் முந்திக்கொண்டது. முதலாளி திரும்பி வந்து பேசிச் சரிக்கட்டிக்கொள்வார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு ஜெர்மனில் வந்தது. ‘ஃபவுண்டரி மேலாளர் எட்டு வாரத்துக்கு உறுதியளித்தார்’ என்று நான்காவது வரியில் இருந்தது. மேனேஜர் பேனாவைத் திறந்துகொண்டே, “எல்லாம் சரியா இருக்காம்மா?” என்று கேட்டார்.

“சரியா இருக்கு சார்.”

கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாவது வாரம் ஆர்டர் ரத்தானது. முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். “முடியாதுன்னுதான் சொன்னேன் முதலாளி” என்றார் மேனேஜர். முதலாளி இவள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. என்ன சொன்னார்?”

“சொன்னார் சார். ஆனா… சிரிச்சுக்கிட்டே சொன்னார். அவங்களுக்கு அது சம்மதம் மாதிரி பட்டிருக்கும்.”

அந்த நிமிஷம் எங்கிருந்தோ வாயில் வந்த பேச்சு அது. முதலாளிக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. ஜெர்மன்காரன் மனசை இந்தப் பெண் எப்படிப் புரிந்து வைத்திருக்கிறாள் என்று நாலு பேரிடம் சொன்னார். அந்த நாலு பேரில் ஒருவர் பயிற்சி நிறுவனம் நடத்துகிறவர். இப்படித்தான் அவள் டீச்சரானாள். மேனேஜரை ஃபவுண்டரியிலிருந்து எடுத்துச் சாமான் அறையில் திருகாணிக்குச் சீட்டு எழுதப் போட்டார்கள். ஆறு மாதத்தில் அவர் வேலையிலிருந்தே நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டாள். அந்தச் சேதி கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டிருந்தது. பிறகு கதை சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல, நடந்ததே அப்படித்தான் என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. ஒரு பல்சக்கரத் தொழிற்சாலையின் மாடிக் கூடத்தில் இருபத்திரண்டு பேருக்கு வகுப்பு. வழக்கம்போலப் பதினோரு மணிக்குக் கதையை எடுத்தாள், தலையை ஆட்டிக் காட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள். கடைசிக்கு முந்தின வரிசையில் நரைத்த தலைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

டீ இடைவேளையில் அவரே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினார்.

“என்னை அடையாளம் தெரியலையாம்மா? மீசையை எடுத்துட்டேன்.”

அவளுக்குக் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“அந்த ஃபவுண்டரி மேனேஜர் நான்தான். பயப்படாதீங்க, யாருகிட்டயும் சொல்லல. இப்ப இங்கதான் வேலை. ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு ஆகப்போறேன், இந்த வகுப்பெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னு கேட்டாங்க. நான்தான் பேர் குடுத்தேன். எங்க தப்பு பண்ணோம்னு தெரிஞ்சுக்கணும்ல?”

“சார்…”

“நீங்க சொன்னது சரிதாம்மா. சிரிச்சிருக்கக் கூடாது. அதுக்கப்புறம் நான் வேலை இடத்துல சிரிக்கறதையே விட்டுட்டேன்.”

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவளுக்கும் தெரியும். வாயைத் திறந்து, “டீ ஆறிடப்போகுது சார்” என்றாள். அவர் தலையசைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். மத்தியானம் முழுக்க அந்த வரிசைப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் பாடம் நடத்தினாள். ஒன்பது வருஷத்தில் எத்தனை கூடம், எத்தனை ஆயிரம் பேர், அத்தனை பேர் முன்னாலும் அந்த மனுஷனை நிறுத்திவைத்துச் சிரிக்க வைத்தோமே என்று கணக்குப் போட்டுப் பார்த்தவளுக்குக் காது மடல் சுட்டது.

சாயந்திரம் வீட்டில் கணவனிடம் பாதி சொன்னாள். “பழைய விஷயம். அவருக்கே தெரியாதுங்கற, நீ ஏன் கிளறணும்?” என்றான் அவன். நல்லதுக்குத்தான் சொன்னான். அவன் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவளும் பாதியோடு நிறுத்தியிருந்தாள். அது புரிந்தபோது தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

இரண்டாம் நாள் நடிப்புப் பயிற்சி. டீச்சர் ஜெர்மன்காரராக உட்காருவாள், எதிரில் ஒருவர் வந்து மறுத்துப் பேச வேண்டும். யார் முதலில் வருகிறீர்கள் என்று கேட்டதும், யாரும் எழுந்திருக்காத அந்தக் கூடத்தில் அவர் எழுந்து வந்தார். சலவைச் சட்டை, கையில் நோட்டு.

“எதைப் பத்திப் பேசலாம் சார்?”

“எட்டு வாரமே இருக்கட்டும்மா.”

அவள் ஜெர்மன்காரராக உட்கார்ந்தாள். “இந்த வேலை எட்டு வாரத்துல முடியுமா?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார். பரீட்சை எழுதும் பிள்ளையைப்போல நெற்றி வியர்த்தது. “முடியாது. பன்னிரண்டு வாரம் வேண்டும். காரணம், பேட்டர்னுக்கே நான்கு வாரம்.” முகத்தில் ஒரு சிரிப்புக்கோடு இல்லை. சொல்லிவிட்டு, “இப்ப சரியா இருக்காம்மா?” என்றார்.

கூடம் கைதட்டியது. அவள் தட்டவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க சார்.”

கைதட்டல் ஓய்ந்தது.

“நேத்து நான் சொன்ன கதை பொய். அந்த மேனேஜர் இவர்தான். இவர் முடியாதுன்னு ரெண்டு தடவை சொன்னார். மொழிபெயர்த்தது நான். எனக்குப் பயம். நான்தான் ஆமான்னு சொன்னேன். குறிப்பு தப்பா வந்ததும் தெரிஞ்சுது, அப்பவும் சரியா இருக்குன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். சிரிச்சாருன்னு முதலாளிகிட்ட சொன்னேன் பாருங்க, அது தப்பிக்கறதுக்குச் சொன்னது. அவர் சிரிச்சது எனக்குத் தைரியம் சொல்ல.”

இருபத்தொரு முகங்கள் அவளைப் பார்த்தன. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், வகுப்பில் தண்டனைக்கு நிற்கிறவள்போல.

அவர் நோட்டை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். ஏதோ கணக்கு ஒத்துவராதவர்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “அப்ப… நான் சொன்னேனா?” என்று கேட்டார்.

“சொன்னீங்க சார்.”

“தெளிவா?”

“தெளிவா சொன்னீங்க.”

“பன்னெண்டு வருஷமா நான்…” என்று ஆரம்பித்து மென்று விழுங்கிவிட்டார். எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் சத்தமில்லாமல் தள்ளினார். “இதை எழுதித் தர முடியுமா? வீட்ல காட்டணும்.”

எழுதிக் கொடுத்தாள். அங்கேயே, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு பக்கம். தேதியும் தன் போன் எண்ணும் போட்டுக் கையெழுத்துப் போட்டாள். பழைய முதலாளிக்கும் ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னாள். அவர் படித்துப் பார்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது?

பணியாளர் பிரிவு அதிகாரி வாசல் வரை வந்து வழியனுப்பினார். “அடுத்த பேட்ச் பத்தி யோசிச்சுச் சொல்றோம் மேடம்” என்றார், மிக மரியாதையாக. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பழைய முதலாளியிடமிருந்து பதில் வரவே இல்லை. அவள் வகுப்பு எடுத்துவந்த வேறு இரண்டு கம்பெனிகளுக்கு எப்படியோ விஷயம் எட்டி, அவர்களும் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். கிடைத்த வகுப்புகளை நடத்தினாள். பதினோரு மணிக் கொட்டாவிகளை அப்படியே விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பெண் குரல்.

“காகிதம் எழுதிக் குடுத்தது நீங்கதானா?”

“ஆமாங்க.” யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நானும் அவரைத்தாங்க திட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே, உங்களாலதானே எல்லாம் போச்சுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா? ஒருநாளும் எதுத்துப் பேசல. ஆமான்னுட்டுப் போயிடுவார்.”

டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தக் காகிதத்தை நாலு தடவை படிச்சேன். இப்ப அவர் முகத்தை எப்படிப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியல. உங்களால எனக்கும் இந்த நிலைமை. இதைச் சொல்லணும்னுதான் போன் பண்ணேன்.”

“சொல்லுங்கம்மா. கேக்கறேன்.”

“அவ்வளவுதாங்க” என்றது குரல். போன் நின்றது.

மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “யாரும்மா?” என்றாள்.

“நான் ஒருத்தருக்கு ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கேன். அவங்க வீட்லேர்ந்து” என்றாள். “என்ன தப்பு?” என்று மகள் கேட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.